மஞ்சக்குடி முதல் மயூர் விஹார் வரை

தமிழ்நாட்டில் குடியைப் பற்றிப் பேச்செடுத்தால் அது நேராகக் கடை வாசலில் போய்த்தான் நிற்கும். 1937-ல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது, 1971-ல் கடைகளைத் திறந்தது, 1974-ல் மறுபடி மூடியது, 1983-ல் டாஸ்மாக் பிறந்தது, 2003-ல் சில்லறை விற்பனையும் அரசாங்கத்தின் கைக்குப் போனது என்று வருஷவாரியாகச் சொல்ல நம்மில் பலருக்குத் தெரியும். யார் திறந்தார், யார் மூடினார் என்று அரை நாள் சண்டை போடவும் தெரியும். ஆனால் குடியில் விழுந்தவரைத் தூக்கிவிட இந்த நாட்டில் யார், எங்கே, எப்படி முயன்றார்கள் என்று கேட்டால் பதில் வராது. அதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. கடைச் சரித்திரத்தைவிட அது நமக்கு உபயோகமானது என்பது என் எண்ணம்.

நான் இருப்பது டெல்லியின் கிழக்கே, மயூர் விஹாரில். தமிழ்க் குடும்பங்கள் நிறைய உள்ள பகுதி. பக்கத்திலேயே திரிலோக்புரி. எமர்ஜென்சி சமயத்தில் நகரத்துக் குடிசைகளை இடித்து ஜனங்களைக் கொண்டுவந்து குடியேற்றிய காலனிகளில் ஒன்று. போதைப் பழக்கத்துக்கு வைத்தியம் பார்க்க எய்ம்ஸ் மருத்துவமனை அங்கே ஒரு சின்ன க்ளினிக் நடத்துகிறது. நம்மவர்களில் கோயிலுக்கு வழி தெரிந்தவர்கள், தோசை மாவு கிடைக்கும் கடை தெரிந்தவர்கள் எல்லோரும் உண்டு. இந்த க்ளினிக்கைத் தெரிந்தவர்கள் அபூர்வம். வீட்டில் ஒருவருக்குக் குடி முற்றிவிட்டால் நமக்குத் தோன்றும் முதல் யோசனை, "ஊருக்குக் கூட்டிண்டு போயிடலாம்" அல்லது "ஊருக்குக் கூட்டிட்டுப் போயிரலாம்" என்பதுதான். ஜாதிக்கு ஜாதி பேச்சு மாறும், யோசனை மாறாது.

ஊரில் ஒரு மாதம் வைத்தியம் நடக்கும். முகம் தெளிந்து, உடம்பு தேறி ஆள் திரும்பி வருவார். ஆறு மாதத்தில் மறுபடி பழைய கதை. இப்படி இரண்டு மூன்று குடும்பங்களைப் பக்கத்திலிருந்து பார்த்த பிறகுதான் இந்தச் சிகிச்சை எப்படி உருவானது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் தேறியதை இங்கே எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயர்ப் பதிவும் அபினியும்

வெள்ளைக்காரன் காலத்தில் அபினி அரசாங்கச் சரக்கு. அதை எதிர்த்து இங்கிலாந்திலேயே குரல் எழுந்ததால் 1893-ல் ஒரு ராயல் கமிஷன் போட்டார்கள். 1895-ல் அது அறிக்கை கொடுத்தது. இந்தியர்கள் பெரும்பாலும் அளவோடுதான் அபினி சாப்பிடுகிறார்கள், தடை செய்யத் தேவையில்லை என்பது சாரம். வருமானம் தரும் சரக்கைப் பற்றி வேறு என்ன எழுதுவார்கள்!

சுதந்திரம் வந்த பிறகு 1949-ல் கூடிய மாநாட்டில், பத்து வருஷத்தில் அபினி விற்பனையை மருத்துவத் தேவைக்கு மட்டும் என்று சுருக்கிவிடுவது என முடிவானது. 1959-க்குப் பிறகு, பழகிப்போனவர் என்று அரசாங்கத்தில் பெயர் பதிந்தவருக்கு மட்டும் அபினி அளந்து கொடுத்தார்கள். ஒருவிதத்தில் மனிதாபிமானமான ஏற்பாடுதான். ஆனால் அது சிகிச்சை இல்லை. பட்டியலில் உள்ளவர்கள் ஒவ்வொருவராக இறந்துபோனால் பிரச்சினையும் தீரும் என்ற கணக்கு.

அந்தக் கணக்கு 1980-களில் பொய்த்தது. ஈரானில் புரட்சி, ஆப்கானிஸ்தானில் போர். மேற்கே போய்க்கொண்டிருந்த ஹெராயின் இந்தியா வழியாகப் போக ஆரம்பித்தது. போகிற வழியில் பம்பாயிலும் டெல்லியிலும் மதராஸிலும் 'பிரவுன் சுகர்' என்று சிந்தியது. 1985-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. தண்டனைகளை விரிவாக எழுதிய அளவுக்கு, பழக்கத்தில் மாட்டிக்கொண்டவரை எங்கே அனுப்புவது என்பதற்கு அப்போது நாட்டில் ஏற்பாடு இல்லை. மனநல மருத்துவமனை, இல்லாவிட்டால் ஜெயில். காசுள்ளவர்களுக்கு நர்சிங் ஹோம்.

ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே, அரசாங்கம் சொல்லாமலே, சில ஊர்களில் சிலர் வேலையைத் தொடங்கியிருந்தார்கள்.

ஜோத்பூர் பக்கம் ஒரு கிராமம்

மேற்கு ராஜஸ்தானில் அபினிக்கு 'அமல்' என்று பெயர். கல்யாணம், சாவு, பஞ்சாயத்து எதுவானாலும் கரைத்த அபினியை உள்ளங்கையில் ஏந்தி விருந்தாளிக்கு நீட்டுவது மரியாதை. நீட்டியதை வாங்காவிட்டால் அவமரியாதை. இப்படிப்பட்ட இடத்தில் ஒருவரை மட்டும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் திருத்தி அனுப்பினால் எத்தனை நாள் தாங்கும்?

ஜோத்பூர் அருகே மாணக்லாவ் கிராமத்தைச் சேர்ந்த நாராயண் சிங் 1970-களின் இறுதியில் இதற்கு வேறு வழி பார்த்தார். கிராமத்திலேயே முகாம். பழக்கமுள்ள பலரை ஒரே இடத்தில் பத்து நாள் போலத் தங்கவைத்து, அபினியை நிறுத்தி, உடம்பு வலிக்கும் பேதிக்கும் தூக்கமின்மைக்கும் டாக்டர்கள் மருந்து கொடுப்பார்கள். பஜனை, பேச்சு, கடைசியில் எல்லோர் முன்னிலையிலும் சத்தியம். ஜோத்பூர் மருத்துவக் கல்லூரிக்காரர்கள் கூட நின்றார்கள், பார்த்ததை மருத்துவ இதழ்களில் எழுதினார்கள். நாராயண் சிங்குக்குப் பின்னாளில் பத்ம விருதுகளும் மாநிலங்களவை நியமன உறுப்பினர் பதவியும் கிடைத்தன.

அங்கே கவனிக்க வேண்டிய விஷயம், நீட்டுகிற கையும் வாங்குகிற கையும் ஒரே ஊர்க்காரர்களுடையது என்பதைப் புரிந்துகொண்டு ஊரையே சிகிச்சைக்குள் இழுத்ததுதான்.

சென்னையிலிருந்து மஞ்சக்குடிக்கு

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். டி.டி.கே. குடும்பத்தைச் சேர்ந்த டி.டி. ரங்கநாதன் 1979-ல் இறந்தார். காரணம் குடி. பெரிய குடும்பம். மூடி மறைத்திருக்கலாம், அந்தக் காலத்தில் அப்படித்தான் செய்வார்கள். அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் மறைக்கவில்லை. புகுந்த வீட்டாரின் துணையோடு 1980-ல் கணவர் பெயரிலேயே ஓர் ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். அமெரிக்காவுக்குப் போய் இந்தச் சிகிச்சையில் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தார். சென்னை இந்திரா நகரில் உள்ள டி.டி.கே. மருத்துவமனை அப்படி வந்ததுதான். குடி ஒழுக்கக்கேடு இல்லை, நோய். நோயாளிக்கு மட்டுமின்றி மனைவிக்கும் குடும்பத்துக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டும் என்று அங்கே சொன்னபோது கேட்டவர்களுக்கு அது புதுசு. அவருக்கு 1992-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

சென்னை ஆஸ்பத்திரி நன்றாகத்தான் நடந்தது. ஆனால் கிராமத்து விவசாயக் கூலி ஒருவர் எத்தனை நாள் கூலியை விட்டுவிட்டுச் சென்னையில் வந்து தங்குவார்? கூட மனைவியும் வர வேண்டும் என்றால் பிள்ளைகளை யார் பார்ப்பது? அதனால் 1989-ல் ஆஸ்பத்திரியே கிளம்பிக் கிராமத்துக்குப் போனது. போன இடம் மஞ்சக்குடி. அன்றைக்குத் தஞ்சாவூர் ஜில்லா, இன்றைக்குத் திருவாரூர் மாவட்டம். சுவாமி தயானந்த சரஸ்வதி பிறந்த ஊர் என்று சொன்னால் பலருக்குத் தெரியும்.

அங்கே வேலை இரண்டாகப் பிரிந்தது. ஊரில் உள்ள அமைப்பு இடம் கொடுக்கும், சாப்பாடு போடும், யார் யாருக்குச் சிகிச்சை தேவை என்று கண்டுபிடித்து வீட்டாரிடம் பேசிச் சம்மதம் வாங்கும். சென்னைக் குழு டாக்டர், நர்ஸ், ஆலோசகர் எல்லோரோடும் வந்து பதினைந்து நாள் தங்கும். நெடுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, சித்தப்பிரமை எல்லாம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் மருத்துவம் தெரிந்தவர் கூட இல்லாமல் சத்தியத்தை மட்டும் நம்பி இறங்க முடியாது. முகாம் முடிந்து குழு சென்னைக்குப் போன பிறகும் மாதாமாதம் திரும்பி வந்து பார்த்தது. நடுவில் உள்ள நாட்களில் பார்த்துக்கொள்ள ஊர் இருந்தது. போன வருஷம் முகாமில் இருந்து தேறியவர் இந்த வருஷம் புதிதாக வருகிறவருக்குத் தெம்பு சொல்வார். டீக்கடையில் உட்கார்ந்திருப்பவருக்கும் இவர் குடிப்பதை நிறுத்தியிருக்கிறார் என்று தெரியும்.

இந்த அனுபவத்தை அவர்கள் ஆங்கில ஆராய்ச்சி இதழ்களிலும் எழுதினார்கள். குடிநோய்க்கான கிராம முகாம் என்றால் மஞ்சக்குடியைக் குறிப்பிடாமல் இருக்க மாட்டார்கள் என்ற அளவுக்கு அந்தப் பெயர் படிந்துவிட்டது.

புனே, பிறகு அரசாங்கம்

அதே 80-களில் புனேயில் வேறொரு தம்பதி. எழுத்தாளர் அனில் அவசட், அவர் மனைவி டாக்டர் அனிதா அவசட். அனிதா எரவாடா மனநல மருத்துவமனையில் வேலை பார்த்தவர். அனில் பிரவுன் சுகரில் சிக்கிய பையன்களைத் தேடிப் பேசி மராத்தியில் எழுதினார். அதைப் படித்து மனம் நொந்த எழுத்தாளர் பு.ல. தேஷ்பாண்டேயும் அவர் மனைவி சுனிதாவும் நன்கொடை கொடுக்க, மருத்துவமனை வளாகத்திலேயே 1986 ஆகஸ்டில் முக்தாங்கண் தொடங்கியது. ஒரு பக்கம் அரசாங்க ஆஸ்பத்திரி, மறுபக்கம் எழுத்தாளர்களின் கைக்காசு. நோயாளிகளின் மனைவிமார் தங்களுக்குள் கூடிப் பேசிக்கொள்ள அங்கே 'சஹசரி' என்று தனிக் குழுவே வைத்தார்கள். புனேயில் இருக்கும் தமிழர்கள் முக்தாங்கணைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

மத்திய அரசு 1980-களின் இரண்டாம் பாதியில் முழித்துக்கொண்டது. முழித்த கையோடு ஒரு வேலை செய்தது: பொறுப்பை இரண்டாகப் பிரித்து இரண்டு அமைச்சகங்களிடம் கொடுத்தது. ஆஸ்பத்திரிகள் சுகாதார அமைச்சகத்தின் கீழ். தன்னார்வ நிறுவனங்கள் நடத்தும் மையங்களுக்குப் பண உதவி நலத்துறையின் கீழ் (இப்போது சமூக நீதி அமைச்சகம்). டாக்டர் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம் என்றாகிவிட்டது. மஞ்சக்குடியில் ஒரே பள்ளத்தில் ஓடிய தண்ணீர் டெல்லியில் இரண்டு வாய்க்காலாகப் பிரிந்தது. இன்று வரை அந்தப் பிரிவு இருக்கிறது.

சுகாதாரப் பக்கத்தில் 1988-ல் எய்ம்ஸ் தன் போதை சிகிச்சை மையத்தை டெல்லி ஹரி நகரில் தீன் தயாள் உபாத்யாய் மருத்துவமனையில் தொடங்கியது. 2003-ல் அது தேசிய மையமாகி காஜியாபாத்துக்கு இடம் மாறியது. சண்டிகரின் பி.ஜி.ஐ., பெங்களூரின் நிம்ஹான்ஸ் ஆகியவையும் தங்கள் பங்குக்கு வளர்ந்தன. நலத்துறைப் பக்கத்தில் 1998-ல் பயிற்சிக்கென்று ஒரு தேசிய மையம் அமைத்து, அதன் கீழே மண்டலத்துக்கு ஒரு அனுபவசாலி நிறுவனத்தைப் பொறுப்பாக்கினார்கள். தெற்கே டி.டி.கே., வடக்கே எஸ்.பி.ஒய்.எம்., மேற்கே கிருபா அறக்கட்டளை, மணிப்பூரில் கேலக்ஸி கிளப் என்று. சின்ன ஊர்களில் மையம் நடத்துகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது, ஆலோசகர்களைத் தயார் செய்வது இவர்கள் வேலை. தெற்கத்திய ஆலோசகருக்குத் தெற்கிலேயே பயிற்சி கிடைக்க இதுவே வழி செய்தது.

மணிப்பூர் கொடுத்த அடி

குடிக்கு முகாம் போடலாம். ஊசி மூலம் ஹெராயின் ஏற்றிக்கொள்கிறவருக்கு? இந்தக் கேள்வியை நாட்டுக்குக் கேட்டது மணிப்பூர்.

பர்மா எல்லையில் மோரே என்று ஓர் ஊர். பர்மாவிலிருந்து விரட்டப்பட்டு வந்த தமிழர்கள் அங்கே தங்கிவிட்டதால் தமிழ்ச் சங்கமும் கோயிலும் உள்ள ஊர். அந்த எல்லை வழியாக 'நம்பர் ஃபோர்' என்று அழைக்கப்பட்ட சுத்தமான ஹெராயின் மணிப்பூருக்குள் வந்தது. கடையில் ஊசி கேட்டால் சந்தேகம், கையில் ஊசி இருந்தால் போலீஸ். அதனால் ஒரே ஊசியைப் பலர் பகிர்ந்துகொண்டார்கள். 1989-ன் பிற்பகுதி வரை அங்கே ஊசி போட்டுக்கொள்பவர்களிடம் எச்.ஐ.வி. இல்லை. 1990-ன் நடுவில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருந்தது. ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

கைதும் கெடுபிடியும் இதைத் தடுக்கவில்லை. சுராசாந்த்பூரில் ஷாலோம் என்ற அமைப்பு 1990-களின் நடுவில் ஊர்ப் பெரியவர்களிடம் பேசி, பழைய ஊசியைக் கொடுத்தால் புது ஊசி தரும் வேலையைத் தொடங்கியது. முன்பு இதே பழக்கத்தில் இருந்து மீண்டவர்கள் தெருத் தெருவாகப் போனார்கள். பழக்கத்தை விடாதவருக்கு ஊசி கொடுப்பதா என்று கேட்காத ஆள் இல்லை. ஆனால் உயிரோடு இருந்தால்தானே நாளைக்கு விடுவார் என்பது அவர்கள் பதில்.

அதே காலத்தில் டெல்லியில் புப்ரனார்பின் என்ற மாத்திரை வந்தது. நாக்கின் அடியில் வைத்தால் கரையும். ஹெராயினுக்கான தவிப்பை அடக்கும், ஆனால் மயக்கத்தில் தள்ளாது. தினம் வந்து கண்ணெதிரே சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகலாம். எய்ம்ஸும் ஷரண் என்ற தன்னார்வ அமைப்பும் 1990-களின் தொடக்கத்தில் இதைக் கையில் எடுத்தார்கள். 2007-ல் தொடங்கிய தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் இது அரசாங்கக் கொள்கையாகவே ஆனது. பஞ்சாபில் 2015-ல் எய்ம்ஸும் எஸ்.பி.ஒய்.எம்.மும் சேர்ந்து எடுத்த கணக்கில் அபினி வகைக்கு அடிமையானவர்கள் சுமார் 2.3 லட்சம் பேர் என்று வந்தது. 2017-ல் அந்த மாநிலம் வெளிநோயாளி க்ளினிக்குகளைத் திறந்து இதே மாத்திரையைக் கொடுக்க ஆரம்பித்தது.

"ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?" என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. சர்க்கரை வியாதிக்காரர் தினம் மருந்து சாப்பிடுவதை யாரும் அடிமைத்தனம் என்பதில்லை. திரிலோக்புரி க்ளினிக்குக்குக் காலையில் வந்து மாத்திரையைக் கரைத்துக்கொண்டு ரிக்‌ஷா மிதிக்கப் போகிறவர் அன்றைக்குக் கூலியோடு வீட்டுக்குப் போகிறார். மூலையில் சுருண்டு கிடக்கவில்லை.

ஆராய்ச்சி சொன்னதும் சொல்லாததும்

இத்தனை ஏற்பாடும் எவ்வளவு பேரைச் சென்றடைந்தது? எய்ம்ஸ் மையம் சமூக நீதி அமைச்சகத்துக்காக நடத்திய தேசிய சர்வே 2019-ல் வெளியானது. நாட்டில் மது அருந்துபவர்கள் சுமார் 16 கோடி. அவர்களில் 5.7 கோடிப் பேருக்கு ஏதாவது உதவி தேவை. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். நாற்பது வருஷ உழைப்புக்குப் பிறகு!

மனநல டாக்டர்களை மட்டும் நம்பினால் இந்த இடைவெளி நிரம்பாது. கோவாவில் சங்காத் என்ற அமைப்பு, லண்டன் சுகாதாரக் கல்லூரி ஆராய்ச்சியாளர்களோடும் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களோடும் சேர்ந்து ஒரு பரிசோதனை செய்தது. மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில், குடி கேடு செய்யும் அளவுக்குப் போன, ஆனால் இன்னும் முற்றிப்போகாத ஆண்களோடு இவர்கள் அதிகபட்சம் நான்கு முறை உட்கார்ந்து பேசினார்கள். 2017-ல் லான்செட்டில் முடிவு வந்தது. மூன்று மாதத்தில் கேடான குடியிலிருந்து வெளியே வந்தவர்கள் 36 சதவீதம். இந்தப் பேச்சு கிடைக்காத தரப்பில் 26 சதவீதம். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் வித்தியாசம் நிலைத்தது. டாக்டரே இல்லாமல், பக்கத்துத் தெரு ஆள் பேசி வந்த பலன் இது. ஆனால் மூன்று மாதக் கணக்கில், வீட்டில் மனைவிக்கு விழும் அடி குறைந்ததாகத் தெரியவில்லை என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். குடியை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம் வீடுகளில் சொல்லும் பேச்சை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சென்னையிலிருந்தே இன்னொரு உதாரணம். இந்தியாவில் முதன்முதலாக 1986-ல் எச்.ஐ.வி.யைக் கண்டறிந்த டாக்டர் சுனிதி சாலமன் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 22 நகரங்களில் ஒரு பெரிய ஆய்வு நடத்தியது. அதில் 12 நகரங்கள் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கானவை. பரிசோதனை, மாத்திரை, ஊசி, ஆலோசனை எல்லாம் ஒரே கூரையின் கீழ். 2019-ல் வெளியான முடிவில், அப்படிப்பட்ட மையங்கள் இருந்த நகரங்களில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்வது 31 சதவீதம் கூடுதலாக இருந்தது; ஆனால் புள்ளியியல்படி அது உறுதியான வெற்றி என்று சொல்ல முடியவில்லை. ஒரு காரணம், வர வேண்டியவர்களில் பலர் மையத்துக்கு வரவே இல்லை. கூரை போட்டு வைத்தால் மட்டும் போதாது, கையைப் பிடித்துக் கூட்டிவர ஆள் வேண்டும்.

நமக்கு இதில் என்ன?

மாணக்லாவ், மஞ்சக்குடி, சுராசாந்த்பூர், கோவா. நான்கும் வெவ்வேறு போதை, வெவ்வேறு பாஷை. நான்கிலும் மருத்துவம் தெரிந்தவர் அல்லது அவரிடம் பயின்றவர் இருந்தார், உள்ளூர்க்காரர் இருந்தார், நடந்ததைக் கணக்கெடுத்து எழுதி வைப்பவரும் இருந்தார்.

புலம்பெயர்ந்த நம்மிடம் இல்லாதது அந்த உள்ளூர்க்காரர்தான். டெல்லியில் எய்ம்ஸ் இருக்கிறது, பெங்களூரில் நிம்ஹான்ஸ் இருக்கிறது, வசதியும் ஓரளவு இருக்கிறது. ஆனால் மஞ்சக்குடிக்காரருக்குச் சிகிச்சைக்குப் பிறகு ஓர் ஊர் இருந்தது. நம் ஆள் சென்னையில் ஒரு மாதம் இருந்துவிட்டு ராஜதானியில் ஏறி நிஜாமுதீனில் இறங்கினால், அவர் குடியை நிறுத்தியிருக்கிறார் என்று தெரிந்தவர் மனைவி ஒருத்திதான். மற்றவர்களிடம் "ஜாண்டிஸ், ஊர்ல ட்ரீட்மென்ட்" என்று சொல்லியிருப்போம். அடுத்த வெள்ளிக்கிழமை ஆபீஸ் பார்ட்டியில் அவர் கையில் கிளாஸைத் திணிப்பவருக்கும் அதுதான் சொல்லப்பட்டிருக்கும். கணவர் மறுபடி ஆரம்பித்தால் அந்தப் பெண் யாரிடம் போய்ச் சொல்வாள்? ஹிந்தியில் காய்கறி பேரம் பேசலாம். இதைப் பேச அம்மாவின் பாஷை வேண்டும்.

அதனால் எனக்குத் தோன்றும் சிலவற்றை எழுதுகிறேன்.

முதலாவது, ஊரில் சிகிச்சை எடுத்தாலும் தொடர்ந்து பார்க்க இங்கேயே ஓர் இடத்தை, போவதற்கு முன்பே தீர்மானித்துவிடுங்கள். சிகிச்சை தரும் இடத்தில் எழுதிய சீட்டு வாங்கி இங்குள்ள டாக்டரிடம் கொடுங்கள். முதல் ஒரு வருஷம் மாதாமாதம் போவதுதான் முக்கியம்.

இரண்டாவது, கட்டிப்போட்டு அடித்துத் திருத்துகிறோம் என்று விளம்பரம் செய்யும் 'மறுவாழ்வு மையங்கள்' பக்கம் போகாதீர்கள். 2017-ன் மனநல சிகிச்சைச் சட்டம் மது, போதையால் வரும் மன பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. மனநோய்க்கும் மற்ற நோய்களைப் போலவே காப்பீடு தர வேண்டும் என்றும் சொல்கிறது. மையம் பதிவு பெற்றதா என்று கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

மூன்றாவது, பாஷை. 2022-ல் மத்திய அரசு தொடங்கிய டெலி மனஸ் எண் 14416. இதில் தமிழிலும் பேசலாம். போதைப் பிரச்சினைக்கென்று தனி இலவச எண் 14446. குடிப்பவர்தான் பேச வேண்டும் என்றில்லை, மனைவியோ பிள்ளையோ பேசலாம்.

நான்காவது, நம் தமிழ்ச் சங்கங்கள். பொங்கல் விழா, பட்டிமன்றம், மார்கழிக் கச்சேரி எல்லாம் நடத்துகிறோம், ரத்ததான முகாமும் நடத்துகிறோம். வருஷத்துக்கு ஒரு நாள் தமிழ் தெரிந்த ஒரு ஆலோசகரை வரவழைத்துப் பேசவைக்க முடியாதா? குடும்பத்தில் இந்தத் தொல்லையை அனுபவித்த பெண்கள் மாதம் ஒருமுறை கூட ஓர் அறையைத் திறந்துவிட முடியாதா? பெரிய செலவில்லை. மஞ்சக்குடியில் ஊர்க்காரர்கள் கொடுத்ததும் இடம், சாப்பாடு, பிறகு கவனம், இவ்வளவுதான். எங்கள் பகுதிச் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதைக் கேட்பதாக இருக்கிறேன். 'இதெல்லாம் நம்மாத்துல இல்லை' என்று யாராவது சொல்லக்கூடும். மேலே சொன்ன 5.7 கோடியில் நம் வீட்டுக்காரர்கள் யாருமே இல்லை என்று அவர் எந்தக் கணக்கில் சொல்கிறார் என்று மரியாதையாகக் கேட்டுவிட வேண்டியதுதான்.

மற்ற நகரங்களில் தமிழில் இப்படிக் குழு எதுவும் நடக்கிறதா, தமிழ் பேசும் ஆலோசகர் கிடைக்கிறாரா என்பது தெரிந்தவர்கள் எழுதுங்கள். ஊர்வாரியாகத் தொகுத்து வைத்தால், தேவைப்படும் நேரத்தில் யாராவது ஒரு குடும்பத்துக்கு உதவும்.